பகிர்ந்த பதிவுக்காகக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால்: முதல் சில வாரங்களுக்கான வழிகாட்டி

எங்கள் ஊர் அரசியல்வாதி ஒருவரின் வீட்டைப் படம் பிடித்து யாரோ முகநூலில் போட்டிருந்தார்கள். "மண்ணெண்ணெய் நான் வாங்கித் தருகிறேன், தீப்பெட்டி யார் கொண்டுவருவது?" என்று கீழே ஒரு வரி. என் தம்பி அதைப் பகிர்ந்து, மேலே "நான் தயார்" என்று எழுதி, மூன்று சிரிப்புப் பொம்மைகளையும் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். நான்காம் நாள் காலை அழைப்பு வந்தது. அன்று தொடங்கிய அலைச்சல் ஏழு மாதம் நீடித்தது.

நான் வழக்கறிஞர் அல்ல, அவனுடைய அக்கா. எந்தத் தாளை முதலில் வாங்குவது, யாரிடம் எதைச் சொல்வது என்று தெரியாமல் பணத்தையும் நாட்களையும் வீணடித்தவள். தமிழ்நாட்டில் இப்படி ஒரு அழைப்பு உங்கள் வீட்டுக்கு வந்தால் என்ன வரிசையில் என்ன செய்யலாம் என்று இங்கே எழுதுகிறேன். தம்பி தப்பே செய்யவில்லை என்று வாதாட வரவில்லை. அந்த இரண்டு சொல்லை அவன் எழுதியிருக்கக் கூடாது.

1. முதலில் அந்தப் பதிவைச் சத்தம் போட்டு வாசியுங்கள்

"ஃபேஸ்புக்கில் ஏதோ போட்டுவிட்டானாம்" என்றுதான் வீட்டில் எல்லோரும் பேசுவார்கள். அந்த "ஏதோ" என்ன என்பதில்தான் முழு வழக்கும் இருக்கிறது. பதிவை எழுத்துக்கு எழுத்து, படத்தோடு, சூழலோடு வாசியுங்கள். அம்மா அப்பா முன்னால் வாசித்தால் இன்னும் நல்லது. எங்கே வாய் தடுக்குகிறதோ, அதையே அரசு வழக்கறிஞரும் பிடிப்பார்.

சட்டம் கோடு கிழிக்கும் இடம் பலரும் நினைப்பதைவிடத் தள்ளி இருக்கிறது. 2015 மார்ச் 24-இல் இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது மூன்று படிகளைப் பிரித்துக் காட்டியது. ஒன்றைப் பற்றி விவாதிப்பது முதல் படி. அதை ஆதரித்து வாதாடுவது இரண்டாம் படி. அந்தக் கருத்து எவ்வளவு வெறுக்கப்பட்டதாக இருந்தாலும் இந்த இரண்டுக்கும் பாதுகாப்பு உண்டு. மூன்றாம் படியான தூண்டுதலுக்குப் போகும்போதுதான் பேச்சுரிமைக்கு அரசமைப்பின் 19(2) பிரிவு சொல்லும் கட்டுப்பாடுகள் வேலை செய்யும். 1989-இல், ஒரு தமிழ்த் திரைப்படம் தொடர்பான வழக்கில், இதே நீதிமன்றம் சொன்ன உவமையை எங்கள் வழக்கறிஞர் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்: வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறி போல, பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேரான, நெருங்கிய தொடர்பு இருக்க வேண்டும்.

ஆகவே "இந்த அமைச்சர் ஒழிய வேண்டும்", "இந்தக் கட்சி நாசமாய்ப் போக" என்பதெல்லாம் கோபம், சாபம். மண்ணை வாரித் தூற்றும் ஊர் நம்முடையது. அதற்காக மட்டும் ஒருவரைத் தூண்டினார் என்று சொல்லிவிட முடியாது. "நாளைக் காலை பத்து மணிக்கு, இந்தத் தெருவுக்கு, இதை எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று எழுதினால் கதை வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சேற்று நிலம் இருக்கிறது. பழைய அரசியல் கொலை ஒன்றைப் புகழ்ந்து, "இவருக்கும் அதே கதிதான்" என்று இன்று உயிரோடு இருப்பவரின் படத்தைப் போடுவது அந்தச் சேறு. அங்கே முன்கூட்டித் தீர்ப்பு சொல்பவரை நம்பாதீர்கள்.

எங்களுக்குப் பெரிய பாடமாக இருந்தது சிறுமலை வழக்கு. அரசியல் கட்சிப் பொறுப்பாளர் ஒருவர் குடும்பத்தோடு சிறுமலைக்குச் சுற்றுலா போய்வந்து, துப்பாக்கிப் பயிற்சிக்காகப் போனதாகக் கேலியாகத் தலைப்பிட்டுப் படங்களை முகநூலில் போட்டார். அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயத்தம் செய்தார் என்கிற பிரிவு வரை போட்டு வாடிப்பட்டி காவல் நிலையத்தில் வழக்குப் பதிந்தார்கள். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. தீர்ப்பே பாதி நகைச்சுவையாக எழுதப்பட்டது. அதைப் படித்ததும் "நம்முடையதும் சிரிப்புதானே" என்று தம்பி துள்ளினான்.

வழக்கறிஞர் அவனை உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் படத்தில் யாருடைய வீடாவது இருந்ததா?" இல்லை. அவன் பகிர்ந்த படத்தில் வாசல் எண் வரை தெரிந்தது. அந்த வீட்டில் ஒரு பாட்டியும் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். சிரிப்புப் பொம்மை மூன்று இருந்தாலும் முப்பது இருந்தாலும் அந்த வாசல் எண்ணை அது மறைக்காது.

வாசிக்கும்போது இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: குறிப்பிட்ட ஆள் அல்லது இடம் சுட்டப்பட்டிருக்கிறதா, என்ன செயல் சொல்லப்பட்டிருக்கிறது, நேரம் உண்டா, எத்தனை பேர் பார்த்தார்கள், அன்று ஊரில் ஏதாவது பதற்றம் இருந்ததா, அடியில் யாராவது "நானும் வருகிறேன்" என்று எழுதியிருக்கிறார்களா. கடைசியாகச் சொன்னதைப் பலரும் பார்ப்பதில்லை. எங்கள் வழக்கில் விசாரணை அதிகாரி முதலில் கேட்டது அதைத்தான்.

2. "நான் எழுதவில்லை, பகிர்ந்தேன்" என்ற வரியை நம்பி உட்காராதீர்கள்

நடிகர் எஸ்.வி. சேகர் வழக்கு நினைவிருக்கலாம். 2018-இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை அவர் முகநூலில் பகிர்ந்தார். படிக்காமல் அனுப்பிவிட்டேன் என்றார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. ஒரு செய்தியை அனுப்புகிறவர் அதன் உள்ளடக்கத்தை ஏற்றுக்கொண்டவராகத்தான் கருதப்படுவார் என்பதும், விட்ட அம்பு விட்டதுதான் என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. அது வன்முறைத் தூண்டுதல் வழக்கல்ல. ஆனால் பகிர்தல் பற்றி இங்கே எல்லா அரசு வழக்கறிஞரும் கையில் வைத்திருப்பது அதைத்தான்.

வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகியாக மட்டும் இருந்தவருக்கு நிலைமை கொஞ்சம் சாதகம். வேறு பங்கு எதுவும் இல்லை என்றால், உறுப்பினர் போட்டதற்கு நிர்வாகியைப் பொறுப்பாக்கக் கூடாது என்ற நிலையை மதுரைக் கிளை 2021-இல் எடுத்தது. விருப்பக்குறி மட்டும் போட்டவர் அந்தப் பதிவை வெளியிட்டவராக மாட்டார் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2025-இல் சொன்னது. ஆனால் "நான் தயார்" என்று ஒரு சொந்த வரி சேர்ந்துவிட்டால் இந்த நிழல்கள் எதிலும் ஒதுங்க முடியாது.

3. வந்தது என்ன தாள் என்று பாருங்கள்

முதலில் வருவது பெரும்பாலும் தொலைபேசி அழைப்பு. "ஸ்டேஷனுக்கு வந்து போங்க, ஒரு கையெழுத்துதான்" என்பார்கள். பணிவாக அதிகாரியின் பெயர், பதவி, நிலையம் மூன்றையும் கேட்டு எழுதுங்கள். "எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், கட்டாயம் வருகிறோம்" என்று சொல்லுங்கள். கோபப்படாமல் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. என் அப்பா முதல் அழைப்பிலேயே குரலை உயர்த்தினார். அதைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆனது.

வீடியோ அழைப்பில் சீருடையோடு தோன்றி, "டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், பணம் கட்டினால் விடுகிறோம்" என்று சொன்னால் அது மோசடி. அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. துண்டித்துவிட்டு, இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

உண்மையான தாள் என்றால் அதில் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கும். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்துவிட்டதால், பழைய எண்களை வைத்துப் பேசும் உறவினர்களை நம்பாதீர்கள். பி.என்.எஸ்.எஸ். என்பது நடைமுறைச் சட்டம், பி.என்.எஸ். என்பது குற்றங்களைச் சொல்லும் சட்டம்.

பி.என்.எஸ்.எஸ். 179 என்றிருந்தால் உங்களைச் சாட்சியாக அழைக்கிறார்கள். பெண்கள், 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், உடல் நலமில்லாதவர்கள் ஆகியோரை அவர்கள் இருக்கும் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். அம்மாவை நிலையத்துக்குக் கூட்டிவரச் சொன்னால் இதைச் சொல்லலாம்.

35(3) என்றிருந்தால் உங்கள் வீட்டுப் பையன் சந்தேகத்துக்குரியவன் என்று பொருள். கைது இப்போது தேவையில்லை, வந்து பதில் சொல் என்று அழைப்பது அது. பயப்பட வேண்டிய தாள்தான், ஆனால் நல்ல தாளும்கூட. சொன்ன நாளில் ஆஜராகி ஒத்துழைக்கும் வரை, காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. போகாமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பிலோ வேறு மின்னணு வழியிலோ அனுப்பினால் அது முறையாகக் கொடுத்ததாக ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக வாட்ஸ்அப்பில் வந்ததைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். நாங்கள் அப்படி விட்டு, ஆறு நாள் கழித்து "வரச்சொன்னோம், வரவில்லை" என்று திட்டு வாங்கினோம். வாட்ஸ்அப்பில் வந்தால் வழக்கறிஞர் மூலம் எழுத்தில் பதில் கொடுங்கள்.

94 என்றிருந்தால் ஒரு பொருளையோ ஆவணத்தையோ கேட்கிறார்கள். இத்தகைய வழக்கில் அது கைப்பேசியாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. எஃப்.ஐ.ஆர். போடும் முன்பே அழைத்திருக்கலாம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை நடத்த 173(3) இடம் கொடுக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி பகிர்ந்த ஒரு கவிதை தொடர்பான வழக்கை 2025 மார்ச் 28-இல் ரத்து செய்தபோது, பேச்சு எழுத்து சம்பந்தப்பட்ட புகார்களில் இந்த வழியைப் பின்பற்றுவதே பொருத்தம் என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. சொற்களை எடைபோடும்போது எதற்கெடுத்தாலும் நடுங்குகிறவரின் அளவுகோலை எடுக்காமல், உறுதியான மனமும் துணிவும் உள்ளவரின் அளவுகோலைத்தான் எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்தத் தீர்ப்பின் நகலை அச்செடுத்து வழக்கறிஞரிடம் கொடுங்கள். சிலருக்கு இன்னும் எட்டியிருக்காது.

4. நீக்கும் பொத்தானில் கை வைக்கும் முன்

அழைப்பு வந்த ஐந்தாவது நிமிடம் தம்பி பதிவை நீக்கினான். பத்தாவது நிமிடம் கணக்கையே நீக்கினான். நாங்கள் செய்த மிகப் பெரிய தவறு அது.

புகார் கொடுத்தவரிடம் ஸ்கிரீன்ஷாட் இருந்தது. எங்களிடம் ஒன்றும் இல்லை. யார் முதலில் எழுதியது, எந்த வரிக்குப் பதிலாக "நான் தயார்" வந்தது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்ட எங்கள் பக்கம் ஒரு துண்டு ஆதாரம்கூட மிச்சமில்லை. போதாததற்குச் சாட்சியத்தை அழித்தல் என்ற பி.என்.எஸ். 238 பிரிவைச் சேர்க்கலாமா என்று ஒரு பேச்சு வேறு எழுந்தது.

முதலில் சேமியுங்கள்: பதிவின் முகவரி, தேதியும் நேரமும் தெரியும் முழுத்திரைப் படங்கள், மூலப் பதிவு, எல்லாப் பின்னூட்டங்கள், யார் யாருக்குத் தெரியும்படி வைக்கப்பட்டிருந்தது என்ற அமைப்பு. முகநூலிலேயே உங்கள் தகவல்கள் முழுவதையும் பதிவிறக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றாக இவற்றைக் கொடுக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். மூலக் கோப்பைத் திருத்தாமல், வெட்டாமல் வைத்திருப்பது உங்கள் வேலை.

சேமித்த பிறகு பதிவு அங்கேயே இருக்கலாமா? வீடு, ஆள் யாராவது அதில் தெரிந்தால், மறைத்துவிடுவதே சரி என்பது என் கருத்து. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பாட்டி இரவில் தூங்க வேண்டும். ஆனால் சேமித்துவிட்டு, வழக்கறிஞரிடம் சொல்லிவிட்டு, இன்ன நாளில் இன்ன நேரத்தில் மறைத்தோம் என்று குறித்துவிட்டுச் செய்யுங்கள்.

"எனக்கு நோட்டீஸ் வந்துவிட்டது தோழர்களே" என்று இன்னொரு பதிவு போடாதீர்கள். கண்ணீரோடு மன்னிப்பு வீடியோவும் வேண்டாம். இரண்டும் வழக்குக் கோப்பில் போய்ச் சேரும்.

5. எஃப்.ஐ.ஆர். நகலை வாங்குங்கள்

தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் கொடுத்தால் நகலைப் பார்க்கலாம். 24 மணி நேரத்தில் பதிவேற்ற வேண்டும் என்று 2016-லேயே உச்ச நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. பதற்றமானவை என்று கருதப்படும் வழக்குகளுக்கு விலக்கு உண்டு. அரசியல் வழக்குகள் அந்த விலக்கில் விழுந்துவிடுவது உண்டு. கிடைக்காவிட்டால் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் நகல் மனு போடலாம். எங்களுக்கு மூன்று வேலை நாள் ஆனது. கட்டணம் அற்பம், அலைச்சல்தான் அதிகம்.

நகலில் பார்க்க வேண்டியது பிரிவுகள். இப்படிப்பட்ட வழக்கில் அடிக்கடி வரும் பி.என்.எஸ். பிரிவுகள் இவை. பிரிவினருக்கிடையே பகையை வளர்ப்பது 196, மூன்று ஆண்டு வரை தண்டனை. பொது அமைதியைக் குலைக்கும் கூற்று 353, பொதுவாக அதற்கும் மூன்று ஆண்டு வரை. இரண்டுமே ஜாமீனில் விட முடியாத குற்றங்கள். நிலையத்திலேயே ஜாமீன் கிடைக்காது, நீதிமன்றம்தான் தர வேண்டும். கலவரம் உண்டாக்கும் நோக்கத்தோடு சீண்டுவது 192. கலவரம் நடந்தால் ஓராண்டு வரை, நடக்காவிட்டால் ஆறு மாதம் வரை. பொதுமக்களையோ பத்துப் பேருக்கு மேற்பட்டவர்களையோ குற்றம் செய்யத் தூண்டுவது 57; பழைய சட்டத்தில் மூன்று ஆண்டாக இருந்தது, இப்போது ஏழு ஆண்டு வரை. மிரட்டல் 351. நாட்டின் இறையாண்மைக்கு எதிரானது என்று 152 போட்டிருந்தாலோ, உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) என்று ஒரு வரி இருந்தாலோ, இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு அந்த வழக்குகளையே நடத்தும் மூத்த வழக்கறிஞரைத் தேடுங்கள்.

196 போட்டிருந்தால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: இரண்டு பிரிவினர் எங்கே? ஒரு பிரிவை இன்னொரு பிரிவுக்கு எதிராகத் தூண்டியிருக்க வேண்டும் என்று பழைய தண்டனைச் சட்டத்தில் இதே குற்றத்துக்கான 153ஏ பிரிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1997-இல் சொன்னது. ஒரு தனி அரசியல்வாதியைத் திட்டியது அதில் எளிதாகப் பொருந்தாது. எங்கள் வழக்கில் முதலில் உதிர்ந்த பிரிவு இதுதான். 353 உதிரவில்லை.

6. வழக்கறிஞரும் செலவும்

சொந்தக்கார வழக்கறிஞர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவர் நில வழக்கு பார்ப்பவராக இருந்தால் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு, குற்றவியல் வழக்கு நடத்துபவரிடம் போங்கள். கட்சிக்காரர்கள் "நம் வக்கீல் இலவசமாகப் பார்ப்பார்" என்று வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது செய்தியாளர் சந்திப்பு. உங்களுக்கு வேண்டியது பையன் வீடு திரும்புவது. இரண்டும் எப்போதும் ஒன்றாக இருக்காது.

எங்களுக்கு ஆன கணக்கு: முன்ஜாமீன் மனுவுக்கு 20,000 ரூபாய், பிறகு ஒவ்வொரு ஆஜருக்கும் 1,000, நகல், தட்டச்சு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஏழாயிரம் சொச்சம். இது ஒரு மாவட்டத் தலைநகர விலை. சென்னையில் இதைவிடப் பல மடங்கு கேட்டவர்களும் இருந்தார்கள். எதற்கு எவ்வளவு, எந்தக் கட்டம் வரை என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பணம் கட்டி முடித்த பிறகு அந்த அலுவலகத்துப் பலகையில் படித்தேன்.

7. முன்ஜாமீன் போடுவதா, நேரே ஆஜராவதா

35(3) நோட்டீஸ் முறையாக வந்திருந்தால், முன்ஜாமீன் தேவையில்லை என்று சில வழக்கறிஞர்கள் சொல்வார்கள். நோட்டீஸ் இல்லாமல் வெறும் அழைப்பு மட்டும் வந்து, எஃப்.ஐ.ஆரில் ஜாமீனில் விட முடியாத பிரிவு இருந்தால், பி.என்.எஸ்.எஸ். 482-இன்கீழ் முன்ஜாமீன் கேட்பதுதான் பாதுகாப்பு. பெரும்பாலும் முதலில் அமர்வு நீதிமன்றம், அங்கே தள்ளுபடியானால் உயர் நீதிமன்றம். எங்களுக்கு மனு போட்டதிலிருந்து உத்தரவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் தம்பி சித்தப்பா வீட்டில் இருந்தான். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மனுவோடு கேட்டவை: எஃப்.ஐ.ஆர். நகல், ஆதார் நகல், கல்லூரிச் சான்று, அவன்மேல் முன் வழக்கு எதுவும் இல்லை என்ற உறுதிமொழி, நாங்கள் சேமிக்கத் தவறிய அந்த முழுப் பதிவு. கடைசியில் ஒரு நண்பனின் கைப்பேசியில் பாதி கிடைத்தது.

உத்தரவு கிடைத்ததும் வேலை முடிந்துவிடாது. தமிழ்நாட்டில் வழக்கமாக வரும் நிபந்தனைகள் இப்படி இருக்கும்: உத்தரவு நகல் கிடைத்த 15 நாளுக்குள் குற்றவியல் நடுவர் முன் ஆஜராகி 10,000 ரூபாய்க்குப் பிணைமுறி எழுத வேண்டும், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், இத்தனை வாரம் தினமும் காலை 10.30 மணிக்கு நிலையத்தில் கையெழுத்திட வேண்டும். ஜாமீன்தாரர்களின் புகைப்படம், இடது கைப் பெருவிரல் ரேகை, ஆதார் அல்லது வங்கிக் கணக்குப் புத்தக நகல் ஆகியவற்றைக் கேட்பார்கள். சில நடுவர் மன்றங்களில் வீட்டு வரி ரசீதும் கேட்கிறார்கள், முன்னாலேயே விசாரித்து வையுங்கள். நீதிமன்ற வாசலில் "ஜாமீன்தாரர் தருகிறேன்" என்று வருபவர்களிடம் போகாதீர்கள். போலி ஆவணம் என்று தெரிந்தால் ஜாமீனும் போகும், புது வழக்கும் வரும். எங்களுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் பால்காரரும் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரும். மாமா ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டார்.

8. ஆஜராகும் நாள்

காலையில் நன்றாகச் சாப்பிட்டுப் போங்கள், மாலையாகலாம். நோட்டீஸின் அசல், இரண்டு நகல், அடையாள அட்டை, வழக்கறிஞரின் எண் எழுதிய ஒரு தாள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். கைப்பேசியை வாங்கிக்கொண்டால் ஒரு எண்ணும் நினைவில் இருக்காது. வந்ததற்கு அத்தாட்சியாக நகல் ஒன்றில் தேதியோடு கையொப்பம் கேளுங்கள். தரமாட்டார்கள் என்றால் அன்று மாலையே ஆஜரானோம் என்று பதிவுத் தபால் அனுப்பிவிடுங்கள்.

விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க உரிமை உண்டு. முழு நேரமும் அருகில் உட்காரவைக்க முடியாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசமைப்பின் 20(3) சொல்கிறது. காவல்துறை எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்திடத் தேவையில்லை, சட்டமே அதை வேண்டாம் என்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்து எந்த நிலையிலும் கூடாது. பொய்யும் கூடாது. "என் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள்" என்று சொல்லச் சொல்லி தம்பிக்கு ஒரு நண்பன் யோசனை கொடுத்தான். நல்ல வேளை, அவன் கேட்கவில்லை. பொய் சொன்னவன் என்று ஒருமுறை பெயர் வந்தால், பிறகு எந்தச் சிரிப்புப் பொம்மையும் கேலியாக எடுபடாது.

கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்தில் ஒருவருக்குத் தெரிவிக்க வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். பையன் 18 வயதுக்குக் கீழ் என்றால் பள்ளிச் சான்றிதழை உடனே காட்டுங்கள். அவன் போக வேண்டிய இடம் சிறார் நீதி வாரியம்.

9. பிறகு வரும் மாதங்கள்

196-க்கும் 353-க்கும் ஒரு பூட்டு இருக்கிறது. அரசின் (353-இன் சில உட்பிரிவுகளுக்கு அரசு அல்லது மாவட்ட ஆட்சியரின்) முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் இந்தக் குற்றங்களை விசாரணைக்கு எடுக்க முடியாது என்று பி.என்.எஸ்.எஸ். 217 சொல்கிறது. குற்றப்பத்திரிகை வந்ததும் அந்த அனுமதி உத்தரவு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வழக்கே தகாது என்று நினைத்தால் 528-இன்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடலாம். அதற்கு ஆகும் செலவு வேறு கணக்கு, காத்திருப்பும் வேறு கணக்கு. வலுவான வழக்கென்றால் மட்டும் போங்கள். எங்கள் வழக்கறிஞர் வேண்டாம் என்றார். வாசல் எண்தான் காரணம்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "வழக்கு நிலுவையில் உள்ளதா" என்ற கட்டம் வரும். உள்ளது என்று எழுதுங்கள். மறைத்தது தெரிந்து வேலை போனவர்கள் நிறைய. உண்மையை எழுதிவிட்டு விளக்கம் கொடுத்துத் தப்பியவர்களும் உண்டு.

கடைசியாகக் கைப்பேசி. பறிமுதல் செய்யும்போது அதை ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவு சொல்கிறது. மகஜரில் (பறிமுதல் செய்ததைப் பதிவு செய்யும் தாளில்) கைப்பேசியின் தனி அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று நின்று பாருங்கள். எங்களுடையதில் ஒரு இலக்கம் தவறு. ஆய்வகத்திலிருந்து திரும்பிய பிறகு பொருளைக் கேட்டு நடுவர் மன்றத்தில் மனு போட்டபோது, "இது வேறு கைப்பேசி" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வாங்கிய கடையின் ரசீதைத் தேடி எடுத்து, இரண்டாம் மனு போட்டு, ஏழாம் மாதம் வாங்கினோம். பழைய ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள்.